கந்தலிலிருந்து ஒரு சொல்

இரண்டாம் படிவம் படிக்கும்போது 'கெமாஹிரான் ஹிடூப்' பாடத்துக்காக ஒரு பை தைத்துக்கொண்டு போனேன். மலேசியாவில் படித்தவர்களுக்கு அந்தப் பாடம் ஞாபகம் இருக்கும். பிளக் மாட்டுவது, பலகை அறுப்பது, பொத்தான் தைப்பது எல்லாம் அதில் வரும். ஆசிரியர் என் பையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். பாதித் தையல் அவர் கையோடு வந்துவிட்டது. "ஷாடி வோர்க்" என்றார். வகுப்பில் யாருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். சொன்ன தொனியே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "ரோசாக்குன்னு சொல்லியிருப்பாங்க" என்றார். கூலாயில் கெட்டுப்போன எல்லாமே ரோசாக்தான். மோட்டார் ரோசாக், ஃபேன் ரோசாக், சில பேருக்கு மூளையும் ரோசாக். அகராதியில் பார்த்தேன். தரக்குறைவான, மட்டமான, போலியான என்று போட்டிருந்தது. சரிதான், தையல் மட்டம்தான். அதில் எனக்கு இப்போதும் மனத்தாங்கல் கிடையாது. ஆனால் துணி நல்ல துணி. கருநீலம், கனமான கம்பளித் துணி. அம்மா வேலை செய்த கிடங்கிலிருந்து கொண்டுவந்தது.

அம்மாவின் வேலை பழைய துணி பிரிப்பது. ஜப்பான்காரர்கள் கழித்துக்கட்டும் உடுப்புகளில் பெரிய பங்கு மலேசியாவுக்கு வருகிறது. பேல் பேலாக அமுக்கி, பிளாஸ்டிக் நாடா கட்டிக் கன்டெய்னரில் வரும். அதை அறுத்துக் கொட்டினால் ஒரு குன்று. பெண்கள் வரிசையாக நின்று பிரிப்பார்கள். நல்லது ஒரு பக்கம், சுமாரானது ஒரு பக்கம். நல்லவை பண்டல் கடைகளுக்குப் போகும். 'பண்டல்' என்றாலே எங்கள் ஊரில் பழைய உடுப்பு என்று அர்த்தம். இரவுச் சந்தையில், ஜொகூர் பாருவின் பாசார் காராட்டில், எங்கள் ஊர்க் கடைவரிசையில் எல்லா இடத்திலும் உண்டு. உடுத்த முடியாத பருத்தியைச் சதுரமாக வெட்டி மூட்டை கட்டுவார்கள். பட்டறைகளிலும் கப்பல் கட்டும் இடங்களிலும் எண்ணெய் துடைக்க. அதற்கு மலாயில் 'காயின் பூரோக்'. கம்பளி மட்டும் தனிக் குவியல். இந்த வெயிலில் அதை யார் போடப் போகிறார்கள்? அது இந்தியாவுக்குப் போகும் என்று அம்மா சொல்வார். இந்தியாவிலும் வெயில்தானே என்று நான் கேட்டதற்கு, "அங்கப் போயி அதக் கிழிச்சி மறுபடி நூலாக்குவாங்களாம்" என்றார். அதை நான் அப்போது நம்பவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு வாசிப்புக் குழுவில் மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதியை ஆங்கிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொண்டிருந்தோம். எந்திரங்களைப் பற்றிய நீண்ட அத்தியாயத்தில், கந்தல் பிரிக்கும் பெண்களைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. மிகக் கேவலமான, மிக அழுக்கான, மிகக் குறைந்த கூலி கொடுக்கும் வேலைகளில் ஒன்று என்கிறார். ஜப்பானிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும்கூடக் கந்தல் இங்கிலாந்துக்கு வந்து சேர்வதைச் சொல்கிறார். அதைப் பிரிக்கும் பெண்கள்தான் பெரியம்மைக்கு முதல் பலி என்கிறார். இந்தக் கந்தலெல்லாம் எதற்குப் பயன்படுகிறது என்று அவர் போடும் பட்டியலில் உரம் இருக்கிறது, மெத்தைப் பஞ்சு இருக்கிறது, காகிதம் இருக்கிறது. நடுவில் 'ஷாடி' இருக்கிறது.

அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பெயரடை எப்படிப் பொருட்களின் வரிசையில் வந்து உட்காரும்? அன்றிரவு சொற்பிறப்பு அகராதியைத் திறந்தேன். ஷாடி முதலில் பெயரடையே இல்லை. அது ஒரு துணி. பழைய கம்பளி உடுப்பைக் கிழித்து, பிய்த்து, நாராக்கி, மறுபடி நூற்று நெய்த துணி. 1830-களின் தொடக்கத்திலேயே அந்தப் பொருளில் அச்சில் வந்துவிட்டது. 'மட்டமான' என்கிற அர்த்தம் சேர்ந்தது 1860-களில். 'ஷெட்' என்ற வினையிலிருந்து, அதாவது நூற்கும்போது உதிர்ந்து விழும் தூசு நாரைக் குறித்துப் பிறந்திருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர்களின் ஊகம்.

என் பையைப் பிடித்திருந்த ஆசிரியர் தனக்கே தெரியாமல் மிகத் துல்லியமான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார். ஷாடி ஆலைக்குப் போகவேண்டிய துணி அது.

இந்தத் துணிக்கு ஊர் உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் பேட்லி. அங்கே பெஞ்சமின் லா என்ற துணிக்காரர் 1813-இல் இதைச் செய்து காட்டினார் என்பது அந்த ஊர் வரலாறு. நெப்போலியன் போர்க்காலம் அது. படைக்குக் கம்பளி வேண்டும், ஆட்டு ரோமம் கட்டுப்படியாகாத விலை. நாற்காலித் திண்டுக்குள் அடைக்கத்தான் ஆகும் என்று மற்றவர்கள் நினைத்திருந்த கந்தலை அவர் நூலாக்கினார். பின்னலாடை போன்ற தளர்வான துணியிலிருந்து வருவது ஷாடி. தையல்காரர் வெட்டிப்போடும் இறுக்கமான துண்டுகளையும் கெட்டித் துணியையும் பிய்ப்பது இன்னும் கஷ்டம். அதையும் சில வருஷங்களில் சாதித்தார்கள். அதற்கு 'மங்கோ' என்று பெயர். எந்திரத்துக்குள் போகாது என்று வேலைக்காரர் சொல்ல, போயே ஆகணும் என்று முதலாளி யார்க்‌ஷர் பேச்சில் அதட்ட, அந்த அதட்டலே பெயராகிவிட்டதாம். இந்த மாதிரிக் கதைகளை நான் நம்புவதில்லை. ஆனால் ஆலைக்காரர்கள் இப்படி ஒரு கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள் என்பது பிடித்திருக்கிறது.

சாமுவேல் ஜப் என்பவர் 1860-இலேயே ஷாடித் தொழிலின் வரலாறு என்று ஒரு புத்தகம் போட்டுவிட்டார். அவரும் பேட்லிக்காரர்தான். பெருமையாக எழுதுகிறார். உலகம் தூக்கியெறிந்ததிலிருந்து எங்கள் ஊர் உலகத்துக்கே கோட்டுத் தைக்கிறது என்கிற பெருமை.

வேலை எப்படி நடந்தது என்று படிக்கப் படிக்க எனக்கு அம்மாவின் கிடங்குதான் தெரிந்தது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் மூட்டைகள் வரும். பெண்கள் பிரிப்பார்கள். முதலில் தரம், அப்புறம் நிறம். நிறம் பிரிப்பது அழகுக்காக அல்ல. சிவப்புக் கந்தலைச் சிவப்போடு சேர்த்தால் சாயமே வேண்டாம், நூல் சிவப்பாகவே வரும். பொத்தானை அறுப்பார்கள், தையலைப் பிரிப்பார்கள், லைனிங்கை உரிப்பார்கள். பருத்தி நூல் ஒட்டிக்கொண்டிருந்தால் நூற்பு கெடும். அப்புறம் எந்திரம். ஆயிரக்கணக்கான இரும்புப் பற்கள் பதித்த உருளை வேகமாகச் சுற்றும், துணியைக் கடித்துப் பிய்த்து நாராக்கும். அதற்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் 'டெவில்', பேய். பேய் துப்பும் தூசியை மூச்சில் இழுத்து வரும் காய்ச்சலுக்கும் தனிப் பெயர் உண்டு, ஷாடிக் காய்ச்சல். பிய்த்த நாரோடு எண்ணெய் தெளித்து, புது ரோமம் கொஞ்சம் கலந்து நூற்பார்கள். பழைய நார் குட்டையாகத்தான் இருக்கும். புதிது கலக்காவிட்டால் பிடிப்பு இருக்காது. இதில்தான் நேர்மையும் திருட்டும் பிரிகிற இடம். எவ்வளவு புதிது கலந்தாய் என்பது உனக்குத்தான் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது.

நூலுக்கும் ஆகாத கழிவு இருக்கிறதே, அதையும் விடவில்லை. வயலுக்குப் போட்டார்கள். கென்ட் பக்கத்தில் பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடிக்கும், யார்க்‌ஷரில் ருபார்ப் செடிக்கும் ஷாடிதான் உரம். நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுவதை நினைத்துக்கொள்ளலாம், ஆடுதான் வேறு ரூபத்தில் வந்து சேர்ந்தது.

மார்க்ஸ் மூன்றாம் தொகுதியில், எஞ்சிய பொருளை மறுபடி பயன்படுத்துவதைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் ஷாடிக்கு வருகிறார். 1862 முடிவில் இங்கிலாந்துத் தொழில் செலவழித்த கம்பளியில் மூன்றில் ஒரு பங்கு ஷாடிதான் என்று தொழிற்சாலை ஆய்வாளர் அறிக்கையைக் காட்டுகிறார். மூன்றில் ஒரு பங்கு என்றால் அது ஏதோ ஓரத்துத் திருட்டுத் தொழில் இல்லை. அந்த நாட்டின் சாதாரண ஜனம் குளிருக்குப் போர்த்திக்கொண்டதே அதுதான்.

அதே காலத்தில் வசவும் தொடங்கிவிட்டது. 1842-இல் வில்லியம் ஃபெராண்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், ஆலை முதலாளிகள் 'பேய்த் தூசி'யைக் கலந்து ஏழைகளை ஏமாற்றுகிறார்கள் என்று அவையில் முழங்கினார். அடுத்த வருஷமே கார்லைல் தன் புத்தகத்தில் அந்தப் பேய்த் தூசியை எடுத்துக்கொண்டார். கவனித்தீர்களா, எந்திரத்துக்குத் தொழிலாளி வைத்த செல்லப் பெயரை மேலே உட்கார்ந்தவர்கள் வசவாக்கிவிட்டார்கள். ஆனாலும் ஷாடி என்ற சொல் இங்கிலாந்தில் இன்னும் சரக்கின் பெயராகத்தான் இருந்தது. அதை முழு வசவாக மாற்றியது அமெரிக்கா.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. லிங்கன் உடனே 75,000 தொண்டர் படையினரைக் கேட்டார். ஆள் கிடைத்தார்கள். உடுப்பு இல்லை. மாநில அரசுகள் கையில் பணத்தை வைத்துக்கொண்டு கோட்டுக்கும் போர்வைக்கும் பறந்தன. ஒப்பந்தக்காரர்களுக்கு அது தீபாவளி. நியூயார்க் மாநிலம் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்திடம் 12,000 சீருடைக்கு ஒப்பந்தம் போட்டது. வந்தவற்றில் பல உடுப்புகள் பொத்தான் இல்லாமலும், பொத்தான் துளையே இல்லாமலும் இருந்தன என்பது அப்போதே பெரிய ஊழல் செய்தியாயிற்று. அந்த ஒரு நிறுவனம் மட்டுமல்ல. கந்தலைக்கூட ஒழுங்காக நூற்காமல், கடைத்தரையில் கூட்டிப் பெருக்கிய தூசியையும் துண்டையும் பசை போட்டு உருட்டி அழுத்தி, துணி என்று கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. ராபர்ட் டோம்ஸ் என்பவர் 1864-இல் ஹார்ப்பர்ஸ் மாத இதழில் இதை எழுதியிருக்கிறார். முதல் நாள் நடையிலேயே, முதல் மழையிலேயே, சிப்பாய்களின் மேலிருந்த கோட்டும் போர்வையும் கந்தலாகிக் காற்றோடு போனது, தூசியாகக் கரைந்தது என்கிறார்.

மழையில் சட்டை கரைந்து நிற்கிற பத்தொன்பது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் அதை என்ன பெயரிட்டுத் திட்டியிருப்பான்? கையில் கிடைத்த பெயர் ஷாடி.

அதிலிருந்து சொல் தொற்றிப் பரவியது. போரில் திடீர்ப் பணக்காரர்களானவர்களுக்கு 'ஷாடிப் பிரபுக்கள்' என்று பெயர். 1863-இல் ஹென்றி மார்ஃபர்ட் 'ஷாடியின் நாட்கள்' என்ற தலைப்பில் ஒரு நாவலே எழுதினார். அதே 1863 மார்ச்சில், அரசாங்கத்திடம் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் பறிப்பவர்களைத் தண்டிக்க ஒரு சட்டம் வந்தது. அதை லிங்கன் சட்டம் என்றே சொல்வார்கள். இன்றைக்கும் அமெரிக்காவில் மருந்துக் கம்பெனி, ராணுவ ஒப்பந்தக்காரர் எல்லோர்மீதும் அந்தச் சட்டத்தில் வழக்குப் போடுகிறார்கள். அந்தச் சட்டம் பிறந்த இடங்களில் ஒன்று கரைந்துபோன அந்தச் சட்டைகள்.

எனக்கு உறுத்துவது இதற்கு அப்புறம் நடந்தது. கரைந்துபோனது ஷாடியே இல்லை. ஒழுங்காகப் புது ரோமம் கலந்து நூற்ற ஷாடிக் கோட்டு மழையில் கரையாது. பேட்லியில் அதைப் போட்டுக்கொண்டுதான் மழைக்கால முழுக்க நடந்தார்கள். ஒப்பந்தக்காரன் கொடுத்தது ஷாடிக்கும் போலி. ஏமாற்றியவன் ஒருவன், ஏமாந்தது அரசாங்கம், நனைந்தது சிப்பாய். பெயர் கெட்டது யாருக்கு? கந்தலுக்கு. கந்தலைப் பிரித்த பெண்களின் பிழைப்புக்கு. புரூக்ஸ் பிரதர்ஸ் அதற்கப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கௌரவமான கோட்டு விற்றது. லிங்கனே அவர்கள் தைத்த கோட்டோடுதான் சுடப்பட்டார். மட்டமான வேலைக்கு ஆங்கிலத்தில் இன்று 'ஒப்பந்தக்கார வேலை' என்ற பெயரடை இல்லை. 'ஷாடி' என்றுதான் இருக்கிறது.

தேடினால் ஆங்கிலத்தில் இதற்குப் பங்காளிகளும் இருக்கிறார்கள். 'டாட்ரி' என்றால் இப்போது பகட்டான மட்டச் சரக்கு. ஈலி என்ற ஊரில் புனித ஆட்ரி பெயரில் நடந்த சந்தையில், கிராமத்துப் பெண்கள் கழுத்தில் கட்டிக்கொள்ள வாங்கிய ரிப்பன் அது. புனித ஆட்ரியின் பெயர்தான் பேச்சில் உருண்டு 'டாட்ரி' ஆனது. 'ஜங்க்' என்பது கப்பலில் பழசாகிப்போன வடக்கயிறு. அதைப் பிரித்து நாராக்கிப் பலகை இடுக்கில் அடைத்தார்கள். மூன்றும் ஏழைகள் கைபட்டவை. மூன்றும் ஒரு காலத்தில் வெறும் சரக்கின் பெயர்.

நாமும் குறைந்தவர்கள் இல்லை. கழிசடை என்கிறோம். அதில் 'கழி' இருக்கிறது, ஷாடிக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் 'ஷெட்' மாதிரி. அதைப் பொருளுக்கு யாரும் சொல்வதில்லை, மனிதர்களைத்தான் சொல்கிறோம். மானம் போனால் 'கந்தலாகிப் போச்சு'. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி கந்தையைக் கௌரவமாக நடத்துகிறதே என்று தோன்றலாம். எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். கசக்கிக் கட்டு என்று சொல்கிறவர் கந்தை கட்டியவராக இருந்திருக்க மாட்டார்.

இங்கே ஒரு இடைச்செருகல். தமிழ்நாட்டிலிருந்து வருகிற நண்பர்கள் எங்கள் பேச்சைக் கேட்டால் சிரிப்பார்கள். 'ரோசாக்' மலாய், 'தவுக்கே' சீனம், 'பண்டல்' ஆங்கிலம், வினைமுற்று மட்டும் தமிழ். கலப்படத் தமிழ் என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். கோபம் வந்தது. பழைய பேப்பர், பழைய துணி வாங்க வருகிறவரைச் சிங்கப்பூரிலும் எங்கள் பக்கத்திலும் 'காராங் கூனி' என்போம். மலாயில் காருங் என்றால் சாக்கு. கூனி? அது நம் பக்கத்துக் கோணிதான், கப்பல் ஏறி வந்து மலாயில் உட்கார்ந்து, மறுபடி தமிழன் வாயில் விழுந்து புதுச் சொல்லாக வெளியே வருகிறது. பேட்லி ஆலையில் நடந்ததுதான் இது. குட்டை நாரோடு புது ரோமம் கலந்தால் பிடிப்பு வரும் என்று அந்த நண்பரிடம் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு ஷாடி தெரியாது.

பேட்லிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த ஆலைகளின் இரவு ஷிஃப்டுக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை. 1950, 60-களில் குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆட்கள் போனார்கள். இன்றைக்கும் பேட்லியிலும் பக்கத்து டூஸ்பரியிலும் பெரிய குஜராத்தி முஸ்லிம் சமூகம் இருக்கிறது. எங்கள் தாத்தாக்கள் ரப்பர்க் காட்டுக்கு வந்த மாதிரி, அவர்கள் கந்தல் தூசிக்குப் போனார்கள். அப்புறம் செயற்கை இழை வந்தது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின.

தொழில் சாகவில்லை, இடம் மாறியது. ஹரியானாவில் பானிப்பட். பள்ளிக்கூடத்தில் மூன்று போர்கள் என்று படித்த அதே பானிப்பட். அம்மா சொன்னது பொய்யில்லை. உலகத்தின் கழித்துப்போட்ட கம்பளி அங்கே போய்க் குவிகிறது. உடுப்பாகவே உள்நாட்டில் விற்றுவிடக் கூடாது என்பதற்காக, கந்தல் என்ற பேரில் இறக்குமதியாகும் துணியைக் கிழித்துத்தான் உள்ளே விடவேண்டும் என்பது இந்திய விதி. மிச்சம் இருப்பதைப் பானிப்பட்டில் பெண்கள் தரையில் உட்கார்ந்து வெட்டுகிறார்கள். கையில் கத்தரிக்கோல் இல்லை. அரிவாள்மனை மாதிரி நிமிர்ந்து நிற்கும் அலகில் கோட்டை இழுத்து அறுக்கிறார்கள். நம் வீட்டில் வாழைக்காய் அரிகிற அதே உட்காரல், அதே கை. 2012-இல் மேக்னா குப்தா எடுத்த 'அன்ராவெல்' என்ற சிறிய ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். அதில் அந்தப் பெண்கள் யோசிக்கிறார்கள்: இவ்வளவு நல்ல உடுப்பை வெள்ளைக்காரர்கள் ஏன் எறிகிறார்கள்? அங்கே தண்ணீர் விலை அதிகம் போல, துவைப்பதைவிட எறிவது மலிவாக இருக்கும் என்று ஒரு முடிவுக்கு வருகிறார்கள். நான் சிரித்துவிட்டு அப்புறம் நிறுத்திக்கொண்டேன். அதைவிட நல்ல காரணம் என்னிடமும் இல்லை.

அங்கே நெய்த ஷாடிப் போர்வைகள் பூகம்பம், வெள்ளம், போர் என்று எங்கே நடந்தாலும் நிவாரணப் போர்வையாகப் போயின. கனம், கொஞ்சம் குத்தும், விலை குறைவு. இந்த நூற்றாண்டில் புத்தம்புது பிளாஸ்டிக் இழையில் செய்த ஃப்ளீஸ் போர்வை வந்து அந்தச் சந்தையைத் தட்டிப் பறித்தது. பானிப்பட் ஆலைகளிலும் நிறைய இப்போது பாலியஸ்டருக்கு மாறிவிட்டன. பழையதிலிருந்து செய்தது மட்டம், எண்ணெயிலிருந்து புதிதாகச் செய்தது உசத்தி. கம்பளியை விட்டுவிட்டுப் பருத்திக்கு வந்தால் திருப்பூரிலும் இதே தொழில் உண்டு. பனியன் வெட்டும்போது விழும் துண்டுகளைப் பிய்த்து ஓ.இ. மில்களில் மறுபடி நூலாக்குகிறார்கள். அந்த நூலில் நெய்த கால்மிதியும் போர்வையும் நம் எல்லார் வீட்டிலும் கிடக்கும்.

இனி கூலாய்க்கு வருகிறேன். 2011-இல் எங்கள் ஊர் இந்தாபூராவில் ஜொகூர் பிரீமியம் அவுட்லெட் திறந்தார்கள். தென்கிழக்கு ஆசியாவிலேயே அந்த வகையில் முதலாவது. செம்பனைக்கு நடுவே வெளிநாட்டுப் பிராண்டுகளின் வரிசை. சிங்கப்பூர்க்காரர்கள் பஸ் பிடித்து வருவார்கள். ஊர்க்காரர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடப் போவோம். போன டிசம்பர் விடுமுறையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். குளிர்நாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்காக ஒரு கடையில் கோட்டுகள் தொங்கின. ஒன்றின் உள்பட்டையைத் திருப்பினேன். ரீசைக்கிள்ட் உல் என்று போட்டிருந்தது, அறுபத்தைந்து சதவீதமோ என்னவோ. பெருமையாகவே, பச்சை இலைப் படத்தோடு.

அந்த இரண்டு சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1940-இல் அமெரிக்கா கம்பளிப் பொருட்களுக்கு லேபிள் சட்டம் கொண்டுவந்தது. புதுக் கம்பளியா, பிய்த்து மறுபடி நூற்றதா என்று சட்டையிலேயே எழுதவேண்டும். தைக்கும்போது விழுந்த, யாரும் உடுத்தாத துண்டிலிருந்து வந்தால் 'மறுபடி பதப்படுத்திய கம்பளி'. யாரோ உடுத்திக் கழித்ததிலிருந்து வந்தால் 'மறுபயன்பாட்டுக் கம்பளி'. அந்த லேபிளைப் பார்த்தால் ஜனம் வாங்காது. 1980-இல் சட்டத்தைத் திருத்தி இரண்டையும் சேர்த்து 'ரீசைக்கிள்ட்' என்று ஆக்கினார்கள். பொருள் அதேதான். பேட்லியில் பேய் பிய்த்த அதே நார்தான். பெயர் மாறியதும் விலையும் மாறிவிட்டது. கையில் இருந்த கோட்டு எண்ணூறு வெள்ளிக்குப் பக்கம்.

அம்மாவிடம் நீட்டினேன். லேபிளைப் பார்க்கவில்லை, இங்கிலீஷ் படிக்கக் கஷ்டப்படுவார். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். எதிர்ப்பக்கம் தேய்த்தார். விரலில் ஒட்டிய பொடி நாரைப் பார்த்தார். "குட்ட நாரு. அடிச்ச கம்பளி இது" என்றார். பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண்ணுக்குத் தமிழ் புரியாதது நல்லதாகப் போயிற்று. தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் நல்லாருக்கு. ஒன்னோட பை மாதிரி இல்ல" என்றார். இருபது வருஷம் ஆகப்போகிறது, மறக்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். பேட்லி, பேய் எந்திரம், சட்டை கரைந்த சிப்பாய், பானிப்பட் எல்லாம். மார்க்ஸை மட்டும் 'ஒரு தாடிக்காரர்' என்று சுருக்கிவிட்டேன். சிப்பாய் கதை அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பொத்தானைப் பற்றித்தான் நிறையக் கேட்டார். அந்தப் பெண்கள் அறுத்த பொத்தான்களை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டார்களா? எங்கள் வீட்டில் ஒரு பெரிய மைலோ டின் நிறைய ஜப்பான் பொத்தான் இருக்கிறது. அப்புறம் ஷாடிக் காய்ச்சலைப் பற்றி மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"மூக்குக்குக் கட்ட மாஸ்க்கு குடுத்தாங்களாமா?"

"அந்தக் காலத்துல ஏதும்மா மாஸ்க்கு?"

"எங்களுக்கும்தான் குடுக்கல. கொரோனா வந்தப்பறம்தான் பொட்டி பொட்டியா கொண்டாந்து வெச்சாங்க" என்றார். கொஞ்ச நேரம் எதிரே போகிற பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவும் தூசிக்கு இல்ல" என்றார்.